வடிவாக எழுதப்பட்ட வாக்குமூலம்

எங்கள் வாசகர் வட்டத்தின் செயலாளர் ஓய்வுபெற்ற தபாலதிபர். போன மாதம் வீட்டுக்கு வந்து, ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்றார். விஷயத்தையும் அவரே முடிவுசெய்து கொண்டுவந்திருந்தார். துப்பறியும் கதை எழுத்தாளர்களில் எனக்குப் பிடித்தவர்கள் யார், தகுதிக்கு மேலே புகழப்படுபவர்கள் யார் என்று நான் எழுத வேண்டும்.

"மாஸ்டர், உங்கட அலுமாரியில இருக்கிற அளவுக்கு மர்மக் கதை மன்னாரில ஒருத்தரிட்டயும் இல்லை. பிரேதமும் உங்களளவு ஒருத்தரும் பாத்ததில்லை. ரெண்டையும் சேத்து எழுதுங்கோ. சனம் விரும்பி வாசிக்கும்."

"எத்தனை பக்கம்?"

"ரெண்டு. கூடினா நானே வெட்டிச் சுருக்கிறன். நீங்கள் யோசிக்காதேங்கோ."

வேண்டாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அந்தக் கடைசிப் பேச்சைக் கேட்ட பிறகு சம்மதித்தேன். வெட்டிச் சுருக்குவதைப் பற்றி எனக்குச் சொல்ல ஒன்று உண்டு.

நான் ஆங்கில ஆசிரியராக இருந்தவன். ஓய்வு பெற்ற அடுத்த வருடம் திடீர் மரண விசாரணை அதிகாரியாக நியமனம் வந்தது. போர் முடிந்து சனம் ஊர் திரும்பிக்கொண்டிருந்த காலம் அது. இந்த வேலைக்கு வைத்தியராகவோ சட்டத்தரணியாகவோ இருக்கத் தேவையில்லை. ஊரில் மதிப்பும் கொஞ்சம் எழுத்தும் இருந்தால் போதும். ஒரு நாள் வகுப்பு நடக்கும். பிறகு ஒரு பழைய அதிகாரியோடு போய் நாலு பிரேதம் பார்க்க வேண்டும். ஐந்தாவது பிரேதம் உங்களுடையது. என்னுடைய பயிற்சி அவ்வளவுதான். பதினான்கு வருடம் பார்த்தேன்.

ஆனால் அந்தப் பயிற்சி சிறு வயதிலேயே முடிந்துவிட்டது என்ற நினைப்பு எனக்கு இருந்தது. என் தகப்பன் தலைமன்னார்த் துறை ரயில் நிலையத்தில் எழுதுவினைஞர். இந்தியாவுக்குக் கப்பல் ஏறுகிற பயணிகள் ரயிலில் விட்டுப்போன புத்தகங்கள் ஒரு மாதம் நிலையத்தில் கிடக்கும். யாரும் கேட்டு வராவிட்டால் எங்கள் வீட்டுக்கு வரும். பகவத் கீதையையும் பைபிளையும் யாரும் விட்டுப்போவதில்லை. மர்மக் கதையைத்தான் விட்டுப்போவார்கள். அதிலிருந்தே அவற்றின் தகுதியை நான் அறிந்திருக்க வேண்டும்.

வேலை நடக்கும் முறையைச் சொல்லிவிடுகிறேன். ஒருவர் நோயில் கிடந்து சாகாமல் வேறு விதமாக இறந்தால் பொலிஸிடமிருந்து தகவல் வரும். போய்ப் பிரேதத்தைப் பார்க்க வேண்டும். தலை முதல் கால் வரை முன்புறம், பிறகு புரட்டிப் பின்புறம். காயம் இருந்தால் எந்த இடத்தில், எத்தனை விரல் நீளத்தில். இரண்டு உறவினர் அடையாளம் காட்ட வேண்டும். அதன் பிறகு வாக்குமூலம். அவர்கள் பேசுவார்கள், நான் எழுதுவேன். ஆனால் நான் எழுதுவது 'நான்' என்று, அவர்களுடைய வாயாகவே இருக்கும். எழுதியதை வாசித்துக் காட்ட வேண்டும். 'வாசித்துக் காட்டப்பட்டது, சரியென ஏற்றுக்கொண்டார்' என்பது கடைசி வரி. அதன் கீழே ஒப்பம். சந்தேகம் ஒன்றும் இல்லையென்றால் தீர்ப்பை எழுதிப் பிரேதத்தைக் கொடுத்துவிடலாம். சந்தேகம் என்றால் நீதவானுக்கு அறிக்கை போகும்.

இனி எழுத்தாளர்கள். பெயர் சொல்லப் போவதில்லை. சொன்னால் அவர்களைத் தேடி நாலு பேர் நூலகத்துக்குப் போவார்கள். அந்தப் பாவமும் எனக்கு வேண்டாம்.

தகுதிக்கு மேலே புகழப்படுபவர்களில் முதலிடம் புதிர்க்காரர்களுக்கு. ஒரு பெரிய வீடு, ஒரு டசின் விருந்தாளிகள், ஒரு பிரேதம். அந்தப் பிரேதம் மிகவும் மரியாதையானது. கம்பளத்தின் ஓரத்தில் அளவாக இரத்தம் சிந்தும், மணக்காது. நான் பார்த்தவற்றில் மணக்காதது ஒன்றுகூட இல்லை. விருந்தாளிகள் அதைவிட அதிசயம். முந்தின நாள் எத்தனை மணி எத்தனை நிமிடத்துக்குப் படியில் இறங்கினோம் என்பதை ஒருவரும் மறப்பதில்லை. எங்கள் பக்கத்தில் ஒருவரிடம் நேற்று நாலு மணிக்கு எங்கே நின்றீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். "நேற்றோ?" என்பார். அதற்கு மேலே எதுவும் வராது.

இந்தப் புதிர்க்காரர்களை நம்பி நான் சிலாவத்துறையில் அவமானப்பட்டேன். கடலில் தவறி விழுந்து இறந்த ஒரு மீனவர். கையில் மணிக்கூடு, ஏழு இருபதில் நின்றிருந்தது. நின்றுபோன மணிக்கூடு என்றால் புதிர்க்காரர்களுக்குப் பொங்கல். நான் பிரேதத்தைவிட மணிக்கூட்டைத்தான் அதிகம் பார்த்தேன். ஏழு இருபதுக்கு யார் படகில், யார் கரையில் என்று ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கேட்டேன். நண்பகல் ளுஹர் தொழுகைக்கு முன் அடக்கம் செய்வதற்காக முற்றத்தில் நாற்பது ஆண்கள் காத்து நின்றார்கள். கடைசியில் இறந்தவரின் காக்கா, அதாவது தமையன், என்னிடம் வந்தார்.

"மாஸ்டர், கோவிக்காதீங்க. ஏன் இந்த ஏழு இருபதப் புடிச்சிக்கிட்டு நிக்கிறீங்க?"

"மணிக்கூடு நிண்ட நேரம் அதுதானே."

"அது மாமனார் கலியாணத்துக்குக் குடுத்தது மாஸ்டர். மூணு வருஷமா ஓடாது. சும்மா வடிவுக்குக் கட்டுறவன்."

பின்னால் நின்ற ஒருவர் மெதுவாகச் சொன்னார், "அப்ப மாஸ்டர்ட கணக்குக்கு இவன் மௌத்தாகி மூணு வருஷம்."

மரண வீடு என்பதால் யாரும் சிரிக்கவில்லை. பலருக்கு ஒரே நேரத்தில் இருமல் வந்தது. ஜனாஸா பின்னேரம் அசர் தொழுகைக்குப் பிறகுதான் அடக்கத்துக்குப் போனது.

இரண்டாமிடம், சென்னையிலிருந்து மாதா மாதம் வந்த பொக்கற் நாவல்களை எழுதியவர்களுக்கு. அட்டையில் துப்பாக்கி பிடித்த பெண் இருப்பாள். உள்ளே துப்பாக்கியும் இராது, அவளும் இராள். இவர்களிடம் ஒரேயொரு சரக்குத்தான் உண்டு. யார் மேல் சந்தேகம் வராதோ அவரே கொலைகாரர். மறிச்சுக்கட்டியில் ஒரு காவல் கொட்டிலுக்குப் பக்கத்தில் நெஞ்செலும்பு நொறுங்கி இறந்து கிடந்தவரைப் பார்க்கப் போன அன்று, எல்லாரையும் விடச் சத்தமாக அழுத அடுத்த வளவுக்காரர் மேல் எனக்குச் சந்தேகம் வந்தது. கேள்வி மேல் கேள்வியாக அவரைக் குடைந்தேன். அவர் அழுகையை நிறுத்தி, மூக்கைத் துடைத்து, "மாஸ்டர், நீங்கள் நிக்கிற இடத்தைக் கொஞ்சம் பாருங்கோ" என்றார். குனிந்து பார்த்தேன். சுளகு அகலத்தில் ஒரு பள்ளம். அதற்குள் என் இரண்டு சப்பாத்தும் நின்றன. காட்டின் ஓரத்தில் வாழ்கிற சனத்துக்கு யானை என்று சொல்ல ஒரு துப்பறிவாளன் தேவைப்படவில்லை. நான் வந்து இறங்கியதிலிருந்து அதைத்தான் எல்லாரும் சொல்லிக்கொண்டிருந்தார்களாம். என் காதில் விழவில்லை.

இவர்களைத் திட்டுவது சுலபம். இவர்களால் வந்த சேதம் என் மரியாதை மட்டும்தான். (அந்த அடக்கம் பிந்தியதையும் சேர்க்க வேண்டும். சேர்க்கிறேன்.) எனக்குப் பிடித்தவர் ஒருவர் இருந்தார். அவரைப் பற்றித்தான் எழுத வந்தேன்.

அவர் அமெரிக்கர். மஞ்சளாகிப்போன மலிவுக் கடதாசியில் அச்சடித்தவை அவருடைய நாவல்கள். புதிரும் இல்லை, விருந்தும் இல்லை. மூன்று சொல்லில் ஒரு வசனம், அடுத்ததும் மூன்று சொல். யாரும் எதையும் விளக்குவதில்லை. அவருடைய நகரத்தில் எல்லாரும் கெட்டவர்கள். ஆண்கள் களைத்துப்போன கெட்டவர்கள், பெண்கள் அழகான கெட்டவர்கள். கணவன் செத்தால் மனைவியைப் பார். அழாத மனைவி என்றால் வேறு யாரையும் பார்க்கத் தேவையில்லை. இதை நான் உண்மை என்று நம்பினேன். புதிர்க்காரர்கள் பொய், இவர் வாழ்க்கையை அறிந்தவர் என்று ஆசிரியர் ஓய்வறையில் வாதாடியிருக்கிறேன். வாழ்க்கையை அறிந்தவராம். அந்த மனிதர் ஒரு நாளாவது ஒரு பிரேதத்துக்குப் பக்கத்தில் நின்று அதன் பெண்சாதியோடு பேசியிருப்பாரோ தெரியாது.

நான் அவருடைய கதையை விரும்பியதைவிட அவருடைய நடையைத்தான் விரும்பினேன். தேவையில்லாததை வெட்டு, மிச்சம் தானாக நிற்கும். வகுப்பில் பிள்ளைகளுக்கும் அதைத்தான் சொல்லிக்கொடுத்தேன். வாக்குமூலம் எழுதும்போதும் அதையே செய்தேன். சனம் சுற்றி வளைத்துப் பேசும். நான் அரைப் பக்கத்தில் முடிப்பேன். என் அறிக்கைகள் வாசிக்க நன்றாயிருக்கின்றன என்று ஒரு நீதவான் திறந்த மன்றில் சொன்னார். அந்தப் பாராட்டை ஒரு மாதம் எல்லாருக்கும் சொல்லித் திரிந்தேன்.

அதற்கு அடுத்த வருடம் உயிலங்குளத்துப் பக்கத்திலிருந்து ஒரு பிரேதம் வந்தது. இங்கே பெயர்களை மாற்றியிருக்கிறேன். இறந்தவர் யோகராசா, நாற்பது வயது. மனைவி சிவமலர். இருவரும் பல வருடம் தமிழ்நாட்டு அகதி முகாமில் இருந்து, இரண்டு பிள்ளைகளோடு திரும்பியவர்கள். யோகராசாவின் தமையன் தருமராசா ஊரிலேயே நின்றவர். தம்பி வந்ததும் அவருடைய பங்கு வயலைப் பிரித்துக் கொடுத்திருந்தார். அன்று காலையில் யோகராசா வாய்க்கால் மடையைத் திறக்கப் போனார். மதியம் வாய்க்காலுக்குள் முகம் குப்புறக் கிடந்தார். தண்ணீர் முழங்கால் அளவு. நெற்றியில் இரண்டு விரல் அகலத்தில் இரத்தம் கட்டிய ஒரு கண்டல். இடது முன்கையில் பழைய தீக்காயத் தழும்பு.

முழங்கால் அளவுத் தண்ணீரில் ஒரு வளர்ந்த ஆண் மூழ்கிச் சாவானா? எனக்குப் பிடித்தவர் என் காதுக்குள் பேசத் தொடங்கிவிட்டார்.

ஆசுபத்திரிப் பிரேத அறைக்கு வெளியே விறாந்தையில் மேசை போட்டிருந்தார்கள். முதலில் தமையன் தருமராசா.

"தம்பி காலமை ஆறு மணிக்குப் போனவன். வீட்டில சண்டை. பன்னிரண்டு மணிக்கு நான்தான் கண்டனான். தண்ணி முழங்காலுக்குத்தான். வேற எனக்கு ஒண்டும் தெரியாது."

இப்படி ஒரு சாட்சியை நான் கண்டதில்லை. வெட்ட ஒரு சொல் இல்லை. சொன்னபடியே எழுதினேன்.

பிறகு சிவமலர். கண்ணில் ஈரம் இல்லை. கதிரையின் நுனியில் இருந்துகொண்டு பேசத் தொடங்கினாள். முகாமில் தொடங்கினாள். ரேஷன் வரிசை, அரிசி, ஒரு வெள்ளை ஆடு. வரிசையில் இவர் நின்ற விதம். பக்கத்து வீட்டுப் பெண் சொன்னது. நான் பேனையை மேசையில் தட்டினேன்.

"பிள்ளை, இண்டைக்குக் காலமை நடந்ததைச் சொல்லும்."

"அதைத்தான் மாஸ்டர் சொல்லுறன்."

"முகாம் கதை வேண்டாம். காலமை சண்டை நடந்ததோ?"

"ஓம், சின்னச் சண்டை. அதுக்கு முந்தி இதைச் சொன்னாத்தான்..."

"கையில எரிஞ்ச காயம் எப்பிடி?"

"அது கஞ்சி மாஸ்டர். கஞ்சிச் சட்டியை இறக்கினவர் அப்பிடியே நிண்டிட்டார்..."

"நீர் எங்க நிண்டனீர்?"

"பக்கத்திலதான்."

நாற்பது நிமிடம் பேசியிருப்பாள். நான் எழுதியது இது:

'காலையில் எனக்கும் கணவருக்கும் சண்டை நடந்தது. அவர் கோபத்துடன் வயலுக்குப் போனார். நான் பின்னால் போகவில்லை. மதியம் வரை தேடவும் இல்லை. அவரது கையிலுள்ள தழும்பு சூடான கஞ்சியால் வந்தது. அப்போது நான் பக்கத்தில் நின்றேன்.'

வாசித்துக் காட்டினேன். அவள் கவனமாகக் கேட்டாள். என்னைப் பார்த்து, "நான் இவ்வளவு வடிவாக் கதைக்கமாட்டன் மாஸ்டர்" என்றாள்.

அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன். வாசித்துக் காட்டப்பட்டது, சரியென ஏற்றுக்கொண்டார். ஒப்பம் வைத்தாள். நீதவானுக்குச் சந்தேக அறிக்கை அனுப்பினேன். என் வாழ்க்கையில் முதன்முறையாக ஒரு கொலையைக் கண்டுபிடித்த பெருமையோடு வீட்டுக்குப் போனேன்.

பிரேத பரிசோதனையில் நீரில் மூழ்கி மரணம் என்று வந்தது. நெற்றிக் கண்டலுக்குக் காரணம் தெரியவில்லை என்றும் வந்தது. பொலிஸ் என் அரைப் பக்கத்தை வாசித்து, இரண்டாம் நாள் சிவமலரைக் கைதுசெய்தது. வாசித்த எவரும் அதைத்தான் செய்திருப்பார்கள். அவ்வளவு நன்றாக எழுதியிருந்தேன். நாலரை மாதம் விளக்கமறியல் சிறையில் இருந்தாள். கணவனின் எட்டாம் நாள் சடங்குக்கும் அவள் இல்லை, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியைக்கும் அவள் இல்லை. பிள்ளைகள் பெரியப்பன் வீட்டில் இருந்தார்கள். மூத்தவள் ஐந்தாம் வகுப்பு. தம்பியைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று பள்ளிக்கூடத்துக்குப் போகாமல் நின்றவள், அந்த வருடம் புலமைப்பரிசில் பரீட்சை எழுதவில்லை. 'கொலைகாரியின் பிள்ளை' என்று பள்ளிக்கூடத்தில் சொன்னார்களாம். அது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

வெற்றிடமாக இருந்த சட்ட வைத்திய அதிகாரி பதவிக்கு அந்த நாட்களில் ஒரு பெண்மணி வந்தார். ஐம்பது வயதிருக்கும், யாழ்ப்பாணத்துக்காரர், சிரிப்பைச் செலவழிக்காதவர். சட்டப்படி அவர் என் மேலதிகாரி இல்லை. ஆனால் அவருக்கு முன்னால் நான் எழுந்து நின்றுதான் பேசினேன். அவருடைய அறையில் இரண்டு கதிரைகள் ஒரே உயரத்தில் இருக்கும். வருகிற உறவினருக்கு முதலில் ஒரு கிளாஸ் தண்ணீர் கொடுப்பார். குடித்து முடிக்கும் வரை ஒரு கேள்வியும் இல்லை. பேனையை மூடியோடு மேசையில் வைத்துவிட்டு, இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு, "சொல்லுங்கோ" என்பார். அவர்கள் சொல்லி நின்றதும், "வேற?" என்பார். அவ்வளவுதான். திரும்பவும் சொல்வார்கள், திரும்பவும் "வேற?" சொல்வதற்கு ஒன்றும் இல்லை என்று ஆள் களைத்து, சும்மா ஏதோ சொல்லத் தொடங்கும்போதுதான் பேனையின் மூடியைக் கழற்றுவார். எழுதுவதும் அப்படியே. தெரியாது என்றால் தெரியாது, இடையில் அழுதால் அழுதார். பதினொரு பக்கம் போகும். நீதிமன்ற எழுதுவினைஞர் என்னிடம் முறையிட்டார். "மாஸ்டர், அந்த அம்மான்ர அறிக்கையை வாசிச்சா நித்திரை வருது."

நெற்றிக் கண்டலைப் பற்றி அவருடைய கருத்தை நீதவான் கேட்டார். அவர் சிவமலரைத் தன் அறைக்கு வரவழைத்தார். என்னையும் வரச்சொல்லி மூலையில் ஒரு கதிரையைக் காட்டினார். "நீங்கள் கதைக்க வேண்டாம், மாஸ்டர். இருந்து கேளுங்கோ."

சிவமலர் தண்ணீரைக் குடித்தாள். முகாமில் தொடங்கினாள். அதே வரிசை, அதே அரிசி, அதே ஆடு. எனக்குப் பொறுமை போய்க்கொண்டிருந்தது. "வேற?" என்றார் வைத்தியர். "வேற?" அரை மணிக்குப் பிறகு சிவமலர், "இவர் அப்பிடி நிக்கிறவர்" என்றாள்.

"நிக்கிறதெண்டா எப்பிடி?"

சிவமலர் எழுந்தாள். வலது கையைக் கொஞ்சம் முன்னால் நீட்டி, எதையோ எடுக்கப் போனவள் போல நின்றாள். கண் திறந்திருந்தது, எங்களில் யாரையும் பார்க்கவில்லை. சிறைக் காவலர் பெண் பயந்து வாசலிலிருந்து ஓரடி உள்ளே வந்தாள். வைத்தியர் பேனையின் மூடியைக் கழற்றினார்.

விழுந்து துடிக்காத வலிப்பும் உண்டு என்று அவர் விளக்கினார். ஆள் சில நொடி அப்படியே நின்றுபோகும், தனக்கு நடந்தது தெரியாது. சிலவேளை அது கூடி, நின்ற நிலையிலேயே விழுத்திவிடும். மடைக் கல்லில் நெற்றி பட்டு முகம் தண்ணீருக்குள் போனால் முழங்கால் அளவுத் தண்ணீர் தாராளம். அன்று காலையில் யாரும் யாரையும் கொல்லவில்லை.

"அப்ப இது நோய் வருத்தமோ, டொக்டர்?" என்று சிவமலர் கேட்டாள்.

"ஓம்."

"மருந்து இருந்ததோ?"

வைத்தியர் பேனையைக் கீழே வைத்தார். "இருக்கு" என்றார். சிவமலர் அழுததை அப்போதுதான் நான் முதலில் கண்டேன். கணவன் செத்தால் அழாதவள் என்று நான் தீர்மானித்த பெண், காவலர் வந்து தோளைப் பிடிக்கும் வரை அழுதாள்.

தமையனையும் வைத்தியர் அழைத்திருந்தார். "சின்னனிலையும் அப்பிடித்தான் நிக்கிறவன்" என்றார் தருமராசா. "கவனிக்கேல்லை எண்டு வாத்தியார்மார் அடிக்கிறவை. பிராக்குப் பாக்கிறவன் எண்டுதான் நாங்களும் நினைச்சம். இதை ஒருத்தரும் என்னட்டக் கேக்கேல்லையே." வெட்ட ஒரு சொல் இல்லாத சாட்சி என்று நான் வியந்த மனிதர். அவர் வரும்போதே வெட்டிக்கொண்டு வந்திருந்தார். அதனால்தான் எனக்கு அவரைப் பிடித்தது.

எல்லாரும் போன பிறகு வைத்தியர் என் அரைப் பக்கத்தைக் கையில் எடுத்தார்.

"மாஸ்டர், நீங்கள் ஆரை வாசிக்கிறனீங்கள்?"

சொன்னேன்.

"நானும் அந்த ஆளின்ர ஒண்டு வாசிச்சனான். செத்தவனைப் பற்றி அதில ஒருத்தருக்கும் அக்கறை இல்லை. அவன் எப்பிடி நடப்பான், என்ன சாப்பிடுவான் எண்டு ஒரு மனிசரும் கேக்கேல்லை." கடதாசியை என் பக்கம் தள்ளினார். "இதில ஒரு வரியும் பொய் இல்லை. அதுதான் கரைச்சல்."

என் மேல் அவர் முறைப்பாடு செய்யவில்லை. செய்திருந்தால் எனக்கு இலேசாக இருந்திருக்கும்.

சிவமலர் விடுதலையானாள். நான் பதவி விலகவில்லை. அதையும் எழுதிவிட வேண்டும். பிறகும் பல வருடம் பார்த்தேன். பேனையை மூடி வைத்தேன், "வேற?" என்று கேட்டேன், என் அறிக்கைகள் நீண்டு வாசிக்க முடியாதவையாகின. "முந்தி நல்லா எழுதுவியள் மாஸ்டர்" என்று எழுதுவினைஞர் கவலைப்பட்டார். என்னைத் திருத்திக்கொண்டேன் என்று பெருமைப்பட இதில் ஒன்றும் இல்லை. உயிலங்குளத்தைத் தாண்டும்போதெல்லாம் வாகனத்தில் மற்றப் பக்கம் பார்த்துக்கொண்டு போனேன். ஒரு மன்னிப்புக் கேட்கப் போகாத ஆள், மற்றவர்களிடம் "வேற?" என்று கேட்டுத் திரிந்தேன்.

செயலாளர் வந்து போன மறுவாரம் உயிலங்குளத்துக்குப் போனேன். சிவமலர் முற்றத்தில் படங்கு விரித்து நெல் காயவிட்டிருந்தாள். தலைமயிர் பாதி நரைத்திருந்தது. என்னை உடனே அடையாளம் கண்டுகொண்டாள்.

"வாங்கோ மாஸ்டர். வெயிலுக்க நிக்காதேங்கோ." கதிரை கொண்டுவந்து மா மரத்தின் கீழே போட்டாள்.

"என்னில பிழை, பிள்ளை" என்றேன். வழியெல்லாம் வேறு விதமாகச் சொல்ல யோசித்து வந்திருந்தேன்.

காலால் நெல்லைக் கிளறிக்கொண்டே, "தெரியும்" என்றாள். படங்கின் அந்த ஓரம் வரை போய்த் திரும்பி வந்தாள். "அதைச் சொல்லவோ வந்தனீங்கள்?"

"அண்டைக்கு நீர் சொன்னதை முழுக்க எழுத வேணும். மலர் ஒண்டுக்கு. துப்பறியும் கதைகளைப் பற்றின கட்டுரை."

அவள் சிரித்துவிட்டாள். "இதில கள்ளனும் இல்லை, கொலைகாரனும் இல்லை. ஆர் மாஸ்டர் வாசிப்பினம்?"

"வாசிக்காட்டியும் பரவாயில்லை."

காலில் ஒட்டிய நெல்லைத் தட்டிவிட்டாள். பிறகு படங்கின் ஓரத்தில் வந்து இருந்தாள். "எழுதுங்கோ. பேரை மட்டும் மாத்துங்கோ. ஆனா வடிவா எழுதாதேங்கோ."

பேனையை மூடியோடு மடியில் வைத்துக்கொண்டேன்.

செயலாளர் அவர்களுக்கு: இரண்டு பக்கம் கேட்டீர்கள். மேலே உள்ளதில் எதை வேண்டுமானாலும் வெட்டுங்கள். புதிர்க்காரரை வெட்டலாம், பொக்கற் நாவல்காரரை வெட்டலாம், எனக்குப் பிடித்தவரை முதலில் வெட்டலாம். ஒருவருக்கும் நட்டம் இல்லை. கீழே உள்ளதில் மட்டும் ஒரு சொல்லும் வெட்ட வேண்டாம்.

'நாங்கள் கேம்ப்ல இருக்கேக்க மாசத்தில ரெண்டு தரம் அரிசி குடுப்பாங்க, மாஸ்டர். லைன்ல நிக்கோணும். எனக்கு அப்ப மகள் வயித்தில, கால் வீங்கும், அதால இவர்தான் போவார். எங்களிட்ட ஒரு ஆடு நிண்டது, வெள்ளை, அதையும் கொண்டு போவார். விட்டிட்டுப் போனா அடுத்த வீட்டு வேலியைத் திண்டிடும். ஒரு நாள் பக்கத்து வீட்டு அக்கா ஓடி வந்து, உன் வீட்டுக்காரர் லைன்ல சண்டை புடிக்கிறாருன்னு சொன்னாங்க. போய்ப் பாத்தா சண்டை இல்லை. முன்னால ஆக்கள் போயிட்டினம், இவர் போகேல்லை. பின்னால சனம் கத்துது. ஆடு கயித்தை இழுக்குது. இவர் கண் திறந்தபடி பேசாம நிக்கிறார். நான் தோளில தட்டினன். உடன திரும்பி, மலர் நீ எப்ப வந்தனி எண்டு கேட்டார். எல்லாரும் சிரிச்சவை. நானும் சிரிச்சனான். பிறகு அது பழகிப்போச்சு. சோத்தில கையை வச்சபடி நிப்பார், தட்டுவன். சைக்கிளைப் பிடிச்சபடி நிப்பார், தட்டுவன். கஞ்சிச் சட்டியை இறக்கேக்க நான் பக்கத்திலதான் நிண்டனான், கையில பிள்ளை, தட்ட முந்திக் கஞ்சி சரிஞ்சு ஊத்துப்பட்டிட்டுது. வருத்தம் எண்டு ஆருக்குத் தெரியும்? யோசினைக்காரன் எண்டுதான் நினைச்சனான். ஊருக்கு வந்த பிறகு அவர் வாய்க்காலுக்குப் போனா நானும் பின்னால போவன், தேத்தண்ணி கொண்டு போற மாதிரி. தேத்தண்ணி சாட்டுத்தான். அண்டைக்கு மகளுக்குச் சப்பாத்து வாங்கிற கதையில வாய்த்தர்க்கம். பெரிய சண்டை இல்லை. எனக்கும் ரோசம். தேத்தண்ணியை ஊத்தி வச்சிட்டு, வந்து குடிக்கட்டும் எண்டு இருந்திட்டன். ஆறிப்போச்சு. திரும்பச் சூடாக்கினன். அதுவும் ஆறிப்போச்சு. அவர் அங்க நிண்டிருப்பார் மாஸ்டர், மடையைத் திறந்துபோட்டு, வழமை போல. தட்டினாப் போதும். தட்டினாத் திரும்பிப் பாத்திருப்பார்.'